தேரைக்கு ஒரு வாளி, கணக்குக்கு ஒரு நோட்டு

இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைகளில் ஒரு எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கலாம். சிவப்பு முக்கோணம், வெள்ளைப் பின்னணி, நடுவில் கறுப்பாக ஒரு தேரை. "பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்" என்கிற மாதிரி, "இது தேரை கடக்கும் இடம்" என்று அர்த்தம். யாரோ வேடிக்கைக்கு வரைந்து மாட்டியது கிடையாது. அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை 1980களில் முறைப்படி அனுமதி கொடுத்த பலகை.

நம்ம ஊர்ல தேரைக்கு என்ன மரியாதைன்னு எல்லாருக்கும் தெரியும். தேங்காயை உடைச்சு உள்ளே பருப்பு இல்லைன்னா "தேரை மோந்துடுச்சு" என்போம். குழந்தை இளைச்சுப் போனாலும் பழி தேரை மேலதான். தேரையைப் பற்றி நாம் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை, கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்பது. அதிலும் பெருமை படியளக்கிறவருக்குத்தான், தேரைக்கு இல்லை.

அப்படிப்பட்ட பிராணிக்கு ஒரு அரசாங்கம் ஏன் பலகை வைத்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுக்கிறேன். கூடவே, ஐப்பசி மழையில் ஸ்ரீரங்கம் ரோடுகளில் நசுங்கிக் கிடக்கும் தேரைகளுக்கு இந்த வரலாற்றில் ஏதாவது பாடம் இருக்கிறதா என்ற கேள்வியும் இருக்கு.

தேரை ஏன் ரோட்டுக்கு வருது?

ஐரோப்பாவின் சாதாரணத் தேரை குளிர்காலம் முழுக்கத் தோப்புகளில் இலைக்குப்பைக்கும் மண்ணுக்கும் அடியில் உறங்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ குளிர் கொஞ்சம் விட்டு, சாயங்காலம் தூறல் போட்டால், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் கிளம்பும். எங்கே? அநேகமாகத் தான் பிறந்த அதே குளத்துக்கு. வழியில் வேறு குளம் இருந்தாலும் பல தேரைகள் அதைத் தாண்டிப் போய்விடும். தலைமுறை தலைமுறையாக ஒரே பாதை. அந்தப் பாதைக்குக் குறுக்கே எப்போதோ ஒரு நாள் மனுஷன் ரோடு போட்டான். தேரைக்கு அது தெரியாது.

தவளை மாதிரி தேரை தாவிப் போகிற ஜாதி இல்லை. மெதுவாக நடக்கும். வெளிச்சம் பட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடும். பெண் தேரை பல நேரம் முதுகில் ஒரு ஆணைச் சுமந்துகொண்டே நடக்கும். ஆண்களோ, பெண் வருவதைப் பார்க்கத் தோதான வெட்டவெளி என்று நடுரோட்டிலேயே உட்கார்ந்து காத்திருக்கும். ஒரு பிராணி வண்டிச் சக்கரத்துக்குத் தன்னைத் தானே ஒப்படைக்க இதைவிட என்ன செய்யணும்?

இதை முதலில் எண்ணால் காட்டியவர்களில் ஒருவர் நெதர்லாந்துக்காரர் வான் கெல்டர். 1973இல் வந்த அவருடைய ஆய்வின்படி, மணிக்குப் பத்தே பத்து கார் போகும் ரோட்டில், கடக்க வந்த பெண் தேரைகளில் சுமார் 30 சதவீதம் செத்துப் போயின. மணிக்குப் பத்து! நம்ம அம்மா மண்டபம் ரோட்டில் சாயங்காலம் ஒரு நிமிஷத்திலேயே அவ்வளவு வண்டி போய்விடும். செத்த ஒவ்வொரு பெண் தேரையோடும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் போச்சு. 2001இல் டென்மார்க்கில் நடந்த இன்னொரு ஆய்வு, பெரிய நெடுஞ்சாலையைக் கடக்க முயலும் நீர்நில வாழ்வி சாவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 89 முதல் 98 வரை என்று கணக்கிட்டது. அந்த அளவு போக்குவரத்தில் ரோடு ஒரு சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமே, இந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கமே.

வாளி

ஆய்வுக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே, ரோட்டோரத்து ஜனங்கள் ஒரு சாதாரண வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கையில் ஒரு வாளி, ஒரு டார்ச், மழைக்கோட்டு. இருட்டினதும் ரோட்டுக்குப் போய், தேரையைப் பொறுக்கி வாளியில் போட்டு, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவது. அவ்வளவுதான்.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இதை இன்னும் முறைப்படுத்தினார்கள். ரோட்டோரமாக முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் துணியில் நீளமாக ஒரு வேலி. வேலியின் அடியில் கொஞ்சம் கொஞ்சம் தூரம் விட்டு, வாய் தரைமட்டத்துக்கு வரும்படி வாளிகளைப் புதைத்துவிடுவார்கள். ரோட்டுக்கு வரும் தேரை வேலியில் முட்டி, வேலி ஓரமாகவே நடந்து வாளிக்குள் விழும். விடியற்காலையில் தன்னார்வலர் வந்து வாளிகளை எடுத்து, எண்ணி, மறுபக்கம் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களும்தான் இதில் நிறைய.

பிரிட்டனில் 1980களில் தாவர விலங்குப் பாதுகாப்புச் சங்கம் 'ரோட்டில் தேரைகள்' என்ற பெயரில் இதை ஒரு இயக்கமாகவே நடத்தியது. பிறகு ஃபிராக்லைஃப் என்ற அறக்கட்டளை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தேரை கடக்கும் இடம் எது என்று ஊர்க்காரர்கள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் போக்குவரத்துத் துறைக்குப் போகும். அதற்குப் பிறகுதான் முதல் பத்தியில் சொன்ன பலகை வரும். அதாவது பலகைக்கு முன்னால் பட்டியல், பட்டியலுக்கு முன்னால் மழையில் நனைந்த யாரோ ஒருத்தர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது அவங்க வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். தூக்கிவிட்ட தேரைகள் எத்தனை என்று எழுதுவதோடு, ரோட்டில் செத்துக் கிடந்தவை எத்தனை என்பதையும் தனியாக எழுதுவார்கள். தேதி, நேரம், மழை உண்டா, குளிர் எவ்வளவு என்பதும் உண்டு. தேரையைக் காப்பாற்ற இதெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் எழுதினார்கள். இதற்குப் பின்னால் வருகிறேன்.

சுரங்கம்

வாளியைத் தூக்கித் தூக்கிக் கை வலித்ததும் அடுத்த யோசனை வந்தது: ரோட்டுக்கு அடியில் தேரைக்கு ஒரு வழி வெட்டினால் என்ன? இந்த மாதிரிச் சுரங்கங்களை 1969லேயே சுவிட்சர்லாந்தில் கட்டிவிட்டார்கள். பிரிட்டனில் பேர் வாங்கியது தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லிக்குப் பக்கத்தில் ஹாம்பிள்டனில் 1987 மார்ச்சில் திறந்த சுரங்கம். அதே 1987இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஆம்ஹர்ஸ்ட் ஊரின் ஹென்றி தெருவில், புள்ளி சாலமாண்டர்களுக்காக இரண்டு சிறு சுரங்கங்கள் போட்டார்கள். சாலமாண்டர் என்பது பல்லி மாதிரி வாலோடு இருக்கும் ஒரு நீர்நில வாழ்வி. அங்கேயும் சுரங்கத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் கையால் தூக்கிவிட்ட ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

எல்லாச் சுரங்கமும் வெற்றி இல்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1995இல் ஒரு மேம்பாலம் கட்டும்போது தேரைக்கென்று குழாய் வைத்தார்கள். தேரைகள் அதைச் சட்டை செய்யவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கேலி செய்கிற அளவுக்கு அது பேர் வாங்கிவிட்டது.

இந்த வெற்றி தோல்விகளில் இருந்து பொறியாளர்கள் கற்ற பாடம் ரொம்ப எளிமையானது. முதலாவது, தேரை சுரங்கத்தைத் தேடி வராது. சுரங்க வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலி இல்லையென்றால் சுரங்கம் வீண். இரண்டாவது, உள்ளே காய்ந்தும் இருட்டாகவும் இருந்தால் தேரை திரும்பிவிடும். அதனால் மழைத்தண்ணியும் கொஞ்சம் வெளிச்சமும் இறங்கும்படி மேலே துவாரங்கள் வைத்த சுரங்கங்கள் வந்தன. இவை இரண்டும் அலுவலக மேஜையில் தோன்றியவை இல்லை. எந்த இடத்தில் எத்தனை கடக்கிறது, எத்தனை உள்ளே போய் எத்தனை வெளியே வந்தது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

நோட்டு

இப்போ அந்த நோட்டுக்கு வருவோம்.

2016இல் சிலவியு பெட்ரோவான், பெனடிக்ட் ஷ்மிட் என்ற இருவர் 'ப்ளோஸ் ஒன்' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் தன்னார்வலர்கள் சுமார் 30 வருஷமாக எழுதி வைத்த வாளிக் கணக்குகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் மட்டும் தேரைகளின் எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் குறைந்திருந்தது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதல் விதம் மனசை உடைக்கும். இத்தனை பேர், இத்தனை வருஷம், சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் தேரைகளைத் தூக்கிவிட்டார்கள். இருந்தும் தேரை குறைந்துகொண்டே போனது. ரோடு ஒரு காரணம்தான். குளம் தூர்ந்தது, வயல்கள் மாறியது என்று வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். வாளியால் குளத்தைக் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தத் தேரை அபூர்வப் பிராணி இல்லை. எல்லா ஊரிலும் இருக்கிற சர்வ சாதாரணமான ஒன்று. அப்படிப்பட்டதை யாரும் எண்ண மாட்டார்கள். புலியை எண்ணுவோம், யானையை எண்ணுவோம். காக்காயையும் தேரையையும் யார் எண்ணுவா? அது பாதிக்கு மேல் காணாமல் போனது உலகத்துக்குத் தெரிந்ததே இந்த நோட்டுகளால்தான். வாளி அன்றைக்கு ராத்திரி நூறு தேரையைக் காப்பாற்றியது. நோட்டு 30 வருஷம் கழித்து சாட்சி சொன்னது.

நம்ம பக்கத்துக் கதை

இந்தியாவில் தவளைக்கும் மனுஷனுக்குமான நவீன வரலாறு வேறு மாதிரி தொடங்குகிறது. நாம் தவளைக் காலை ஏற்றுமதி செய்த தேசம். வயல்களில் ராத்திரி விளக்கு வெளிச்சம் காட்டித் தவளை பிடித்து, பின்னங்கால்களை மட்டும் வெட்டி, உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டன். வயலில் பூச்சி தின்னும் பிராணியை விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்குகிறோமே என்ற எதிர்ப்பு வலுத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹுமாயூன் அப்துல்அலி 1985இல் அந்தக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி நீளமாக எழுதினார். அதே வருஷம் இரண்டு இந்தியத் தவளை இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. ஹாம்பிள்டனில் தேரைச் சுரங்கம் திறந்த அதே வருஷம் என்பது தற்செயல்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்லா இருக்கு.

ரோட்டுச் சாவுகளின் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் மலைக்காடுகளில் இருந்து. ஆனைமலைச் சாலைகளில் அடிபட்ட தவளைகளையும் ஊர்வனவற்றையும் பற்றிய கட்டுரை 2001இல் 'ஹமத்ரியாட்' இதழில் வந்தது. கர்நாடகத்தின் சராவதி ஆற்றுப் படுகையில் சேஷாத்ரி, அமித் யாதவ், குருராஜா மூவரும் மூன்று சாலைத் துண்டுகளில், நாலே நாள் கணக்கெடுப்பில், அடிபட்ட 144 நீர்நில வாழ்விகளைப் பதிவு செய்து 2009இல் வெளியிட்டார்கள். குறைந்தது 13 இனங்கள். ஒரு துண்டு காட்டுக்குள், ஒன்று நீர்நிலை ஓரம், ஒன்று வயல்வெளி. அதில் வயல்வெளிச் சாலையிலும் நீர்நில வாழ்விகள் அடிபட்டிருந்தன. அதாவது இது காட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, வயல் இருக்கிற எந்த ஊருக்கும் உரியது. முதுமலை நெடுஞ்சாலைகளைப் பற்றி பாஸ்கரனும் பூமிநாதனும் 2010இல் எழுதிய கட்டுரையிலும் அடிபட்ட 180 உயிர்களில் பாதிக்கு மேல் நீர்நில வாழ்விகள். யானைக்கும் சிறுத்தைக்கும்தான் செய்தி வரும். சாவில் முன்னால் நிற்பது தவளை.

சரி, ராத்திரியில் போய் உயிரைத் தூக்கிவிடும் ஆட்கள் நம்மிடம் இல்லையா? இருக்காங்க, அதுவும் ரொம்ப நாளாக. சென்னைக் கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் ஆமை முட்டைகளைத் தேடி ராத்திரி நடக்கத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவாகி, இன்றுவரை பங்குனி ஆமைகளுக்காகக் கடற்கரையில் நடக்கிறார்கள். முட்டையைக் கவனமாகத் தோண்டி எடுத்து, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஒவ்வொரு கூட்டுக்கும், ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு. வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்கள் நிற்கிறார்கள். மரத்துக்கு மரம் தொங்குபாலமும் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் தேரை வாளிக்கு இவையெல்லாம் நேரான உறவு. ராத்திரி, நடை, பொறுமை, நோட்டு. பிராணிதான் வேற.

ஸ்ரீரங்கத்தில் என்ன செய்யலாம்?

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது.

நம்ம தேரைக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஒரே குளம், ஒரே பாதை, ஒரே வாரம் என்ற கட்டுப்பாடும் இல்லை. மழை பெய்து எங்கே தண்ணி தேங்கினாலும், மனைக்கட்டில் கிடக்கும் குட்டையோ, வாழைத்தோப்பு வாய்க்காலோ, அங்கே சரம் சரமாக முட்டை போடும். சில வாரம் கழித்து விரல்நகம் அளவு குட்டித் தேரைகள் கூட்டமாகக் கரையேறும். இன்னொன்று தெருவிளக்கு. விளக்கடியில் விழும் ஈசலையும் வண்டையும் தின்ன, பெரிய தேரைகள் ரோட்டுக்கே வந்து உட்காரும். ஆக நம்ம ஊரில் தேரை ரோட்டைக் கடக்க வருவது பாதி, ரோட்டிலேயே சாப்பிட வருவது பாதி. எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டால் திரும்ப விளக்கடிக்கே வரும்!

ஆனால் நமக்கு வேறு இரண்டு வசதி இருக்கு. ஒன்று, நாள் தெரியும். சித்திரையில் கோடைமழை, ஆனியிலோ ஆடியிலோ காவிரியில் தண்ணி வந்து வாய்க்கால் நிறைவது, ஐப்பசி கார்த்திகை அடைமழை. மேட்டூர் திறந்தால் முக்கொம்புக்குத் தண்ணி எப்போ வரும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாவது, ஸ்ரீரங்கம் ஒரு தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மேலூர் தொடங்கித் திருவானைக்கா தாண்டியும் வயலும் தோப்பும் வாய்க்காலுமாகக் கிடக்கிற மண். வாய்க்கால் ரோட்டைக் கடக்கும் இடத்தில் எல்லாம் அடியில் ஒரு குழாயோ சிறுபாலமோ இருக்கும். ஹென்லியில் பணம் திரட்டிக் கட்டியதை, நம்ம ஊரில் பாசனத்துக்காக எப்போதோ கட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் குழாய்களைப் பிளாஸ்டிக் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொண்டு, வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு முழ உயரத்துக்குக் கைப்பிடிச்சுவர் நீட்டினால், அதுவே தேரைக்கு வழிகாட்டும் வேலியாகலாம். ரோட்டை அகலப்படுத்தும் சமயம்தான் இதைக் கேட்க வேண்டிய சமயம். கேட்கும்போது "எந்த இடத்துல?" என்பார்கள். அதற்குப் பதில் நோட்டில் இருந்துதான் வரணும்.

எங்க தெருப் பாட்டி ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். "தேரையத் தூக்கிவிட ஆளாடா? பெருமாள் பாத்துப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "முன்னெல்லாம் மழை பேஞ்சா ராத்திரி பூரா கத்தும், தூங்க விடாது. இப்ப சத்தமே கொறஞ்சு போச்சே" என்றார். உண்மையிலேயே குறைந்ததா, அவருக்குக் காது மந்தமானதா? ஒரு நோட்டு இருந்திருந்தால் சொல்லலாம்.

அதனால் இந்த ஐப்பசிக்கு நான் வைத்திருக்கும் திட்டம் சின்னது. மழை பெய்த இரவுகளில் எட்டு மணியில் இருந்து ஒன்பது மணி வரை, தினமும் ஒரே ரோடு, ஒரே ஒரு கிலோமீட்டர். நோட்டில் தேதி, மழை, உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, பெரிசா குட்டியா, விளக்கடியிலா இருட்டிலா, பக்கத்தில் வாய்க்கால் இருக்கா. உயிரோடு நடுரோட்டில் இருப்பதை அது பார்த்திருக்கும் திசையிலேயே ஓரத்தில் விடுவது. அவ்வளவுதான்.

நீங்களும் உங்க ஊரில் செய்வதாக இருந்தால் சில விஷயம். கையை நனைத்துக்கொண்டு தூக்குங்க, காய்ந்த கையும் சானிடைசர் போட்ட கையும் அதன் தோலுக்கு ஆகாது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் விஷப்பால் உண்டு, அதனால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. ஒரு குளத்துத் தவளையை இன்னொரு குளத்தில் கொண்டுபோய் விடாதீங்க, நோய் பரவும். தேரை இருக்கும் இடத்துக்குச் சாரையும் நல்ல பாம்பும் இரை தேடி வரும், ஷூவும் டார்ச்சும் கட்டாயம். பளிச்சென்று தெரியும் சட்டை போடுங்க. வண்டி வரும் ரோட்டில் தனியாக இறங்க வேண்டாம், பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

முதல் வருஷ நோட்டு பார்க்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். இரண்டாவது வருஷத்தில் ஒப்பிட ஒரு வருஷம் கிடைக்கும். பத்தாவது வருஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போகலாம்.